சுவரில் தூங்கிய பெண்

அந்தப் படம் நன்றாகத்தான் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓவியம் என்றாலே ஆகாது என்று வெளியில் ஒரு பேச்சு உலவுகிறது. அப்படியெல்லாம் இல்லை. அலுவலகச் சுவர் என்றால் பழைய நாட்காட்டியும் எண்ணெய்த்தலை சாய்ந்த கறையும்தான் என்று இருந்த காலத்திலிருந்து நான் வேலை பார்க்கிறேன். அந்தச் சுவர்களுக்கு வர்ணம் வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

இந்த விசாரணையில் நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டு கேள்விகள். அரசுக் கட்டடங்களில் வைக்கும் ஓவியங்களுக்கான நெறிமுறைகளை ஒரே ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதினேனா என்பது ஒன்று. இன்னொன்று என் அக்கா உங்களிடம் சொன்ன ஒற்றை வரி. "அன்னைக்கு ஃபோன்ல என்கிட்ட என்ன சொன்னான்னு அவன்கிட்டயே கேளுங்க." அவள் எப்போதும் அப்படித்தான். நாலு பக்கம் பேச வேண்டிய இடத்தில் ஒரு வரியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். எதற்கும் ஒரு வரிசை இருக்கிறது.

நான் வரைவுப் பிரிவில் இருக்கிறேன். ஆணை, சுற்றறிக்கை, விதி எதுவானாலும் அதன் வாக்கியம் என் மேசையில்தான் பிறக்கும். அலுவலகத்தில் என்னைக் 'கமா சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் என் காதுக்கு எட்டும் தூரத்தில். கோப்பு என்னிடம் வந்தால் ஒரு கமாவாவது இடம் மாறாமல் திரும்பாது என்று கேலி. நான் எழுதிய எந்த விதியையும் இதுவரை எந்த நீதிமன்றமும் அடித்ததில்லை. இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், என் வேலை எப்படிப்பட்டது என்பது தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வார்த்தையில் இந்தக் கறார் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் எங்கள் இருவரையும் அந்தக் குரல்தான் வளர்த்தது. "ஃபோன்ல முகம் தெரியாதுடா. முகம் செய்யற வேலையையும் வார்த்தைதான் செய்யணும்" என்பார். அவர் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். நோயாளி ஒருவரின் வீட்டிலிருந்து அழைத்து விசாரித்திருக்கிறார்கள். இறந்துவிட்டார் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு நா எழவில்லை. "அவர் போயிட்டாருங்க" என்று இதமாகச் சொல்லியிருக்கிறாள். அவர்களோ குணமாகி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று புரிந்துகொண்டு, படுக்கை விரித்து, வாசல் கதவைத் திறந்துபோட்டு, சாயங்காலம் வரை காத்திருந்தார்களாம். அன்றிலிருந்து அம்மா தன் அறையில் அந்தச் சொல்லையே தடை செய்துவிட்டார். இருக்கிறார், அல்லது இறந்துவிட்டார், நடுவில் ஒரு வார்த்தை கிடையாது என்பது அவருடைய கட்டளை. எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிப்போனது. பால்காரர் போயிட்டார் என்று நான் சொன்னால், "போயிட்டாரா, இல்ல போயிட்டாரா?" என்று அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்பாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அக்கா கடைப் பெயர்ப்பலகை எழுதுவதில் தொடங்கினாள். பிறகு பள்ளிச் சுவர்கள், மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவு என்று கை பரவியது. ஓய்வூதிய அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தைப் புதுப்பித்தபோது, ஒரு சுவர் முழுக்கப் படம் வரையப் போட்டி வைத்தார்கள். அவள் மாதிரி வரைந்து அனுப்பி, தேர்வாகி, வேலையையும் முடித்தாள். அதில் என் சிபாரிசு ஒரு துளிகூடக் கிடையாது. அதே அலுவலகத்தில்தான், வரைவுப் பிரிவுக்குப் போவதற்கு முன்பு, நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். அதே கூடத்தில்தான் எங்கள் அம்மா இறந்தார். இது ஊரறிந்த விஷயம். ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் வந்து, தாம் உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்கிப் போக வேண்டும். அதற்காக வந்த இடத்தில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணயர்ந்தார், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. உள்ளே வேலையில் மூழ்கியிருந்த மகனுக்குத் தெரியவில்லை. இப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். பெற்ற பிள்ளை பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு.

படத்தின் திறப்புக்கு நான் போயிருந்தேன். சுவர் முழுக்க ஒரு வரிசை. கோப்பால் விசிறிக்கொள்ளும் ஆள், தோளில் குழந்தையைச் சாய்த்த பெண், முன்னால் நிற்பவரின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதும் இளைஞன். வலது ஓரத்தில் ஒரு தூண், ஒரு பெஞ்சு, அதில் தலையைத் தூணில் சாய்த்துத் தூங்கும் வயதான பெண்மணி. மடியில் கைப்பை. பெஞ்சுக்கு அடியில், தரையில், ஒரு மூக்குக் கண்ணாடி. இடது ஓரத்தில் கவுண்டர் ஜன்னல். அதன் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. ஆள் தெரியவில்லை, ஷட்டரை இழுக்கும் ஒரு கை மட்டும் தெரிகிறது.

பார்த்தவர்கள் எல்லோரும் அந்தத் தூங்கும் பெண்மணியிடம்தான் போய் நின்றார்கள். கண்ணாடி விழுந்ததுகூடத் தெரியாமல் எப்படித் தூங்குகிறார் பார் என்று ரசித்தார்கள். அம்மாவின் நெற்றியை அவள் அப்படியே கொண்டுவந்திருந்தாள், இடது புருவத்தில் இருந்த வெட்டு உட்பட. எனக்கும் கண் கலங்கியது. அந்த நிமிஷம் வரை எனக்கு அக்காவின் மேல் அன்புதான்.

அப்போது எங்கள் அலுவலக உதவியாளர், தமாஷாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "சார், அந்த ஷட்டரைப் பிடிச்சிருக்கற கை உங்க கை மாதிரியே இருக்கு. வாட்ச்சைப் பாருங்க" என்றார். நான் கைக்கடிகாரத்தை வலது கையில், முகப்பு உள்பக்கம் இருக்கும்படி கட்டுகிறவன். எழுதும்போது மேசையில் உரசாது. எங்கள் அலுவலகத்தில் அப்படிக் கட்டுகிறவன் நான் ஒருவன்தான். சுவரில் இருந்த கையிலும் கடிகாரம் அப்படித்தான் இருந்தது. நல்ல வாட்ச் என்று சொல்லிச் சிரித்துவைத்தேன். மறுநாளிலிருந்து இடது கைக்கு மாற்றிக் கட்டிக்கொண்டேன், அது இன்றுவரை எனக்குப் பழகவில்லை.

இதைத்தான் நான் துரோகம் என்கிறேன். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அம்மா இறந்த பிறகு அக்கா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நானும் எதுவும் சொன்னதில்லை. வருஷக்கணக்காக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தோம், ஒரே மேசையில் சாப்பிட்டோம், என் பிள்ளைகளுக்கு அவள் பட்டம் ஒட்டிக் கொடுத்தாள். அந்த மௌனத்தை எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை என்றே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். அவள் சுவரில் கேட்டாள். தினம் நூற்றுக்கணக்கான பேர் வந்துபோகிற, அரசாங்கத்தின் சுவரில். உடன்பிறந்தவள் இப்படிச் செய்வாள் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

அந்தக் கை என்ன செய்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நானே சொல்கிறேன். அன்று சான்று வாங்கக் கடைசி நாள். அம்மா, அக்கா, நான் எல்லோரும் அப்போது ஒரே வீட்டில்தான் இருந்தோம். காலையில் டீ குடிக்கும்போது அம்மா, "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குடா. வீட்டுலயே கையெழுத்துப் போட்டுடேன். நான் உயிரோட இருக்கறது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். நேரில் வர வேண்டும் என்பது விதி, சொந்தக்காரர்களுக்காக வளைத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்று சொன்னேன். நேர்மையான அலுவலர் வேறு எதைச் சொல்வார்? அம்மா வந்தார். எண் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். அவர் ஜன்னலுக்கு வந்து சேரவும் சாப்பாட்டு இடைவேளைக்கு மணியடிக்கவும் சரியாக இருந்தது. படிவத்தை உள்ளே தள்ளிவிட்டு, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்டா" என்றார். பின்னால் வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரிடமும் சொல்வது போலவே, "இடைவேளைக்கு அப்புறம் வாங்க" என்று சொல்லி ஷட்டரை இறக்கினேன். அம்மா கையை எடுத்துக்கொள்வதற்கு வேண்டிய நேரம் கொடுத்தேன்.

அவருக்குப் பின்னால் நின்ற பெண் துக்கத்துக்கு வந்து இதை அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

இனி முதல் கேள்வி. நெறிமுறை வேண்டும் என்ற யோசனை என்னுடையதல்ல. வேறோர் ஊரில், நகராட்சிக் கூடத்தில், முன்னாள் தலைவர் ஒருவரின் மூக்கை ஓவியர் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டார். குடும்பத்தார் மேலிடம் வரை போனார்கள். மூக்கு கோப்பாகி, கோப்பு குழுவாகி, குழு வரைவு கேட்டு, வரைவு என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அரசுச் சுவரில் கட்சிச் சின்னம் கூடாது, விளம்பரம் கூடாது, அருவருப்பு கூடாது என்று எல்லோரும் எதிர்பார்க்கிற சமாசாரங்களை முதலில் எழுதினேன். பிறகு இதை எழுதினேன்: 'அடையாளம் காணத்தக்க தனிநபர் எவருடைய முகமும், அவர் உயிருடன் இருப்பினும் இல்லாவிடினும், அரசுக் கட்டடச் சுவர்களில் இடம்பெறலாகாது.' மூக்குப் பிரச்சினைக்கு இதைவிடக் கச்சிதமான மருந்து கிடையாது என்று குழு ஏகமனதாக ஒப்புக்கொண்டது.

முகம் என்று எழுதினேன், கையைப் பற்றி எழுதவில்லை. கையை எடுக்கச் சொன்னால் யாருடைய கை என்ற கேள்வி வரும். அந்தப் பெண்மணி இல்லாவிட்டால் அது வெறும் கை.

சிக்கல் அடுத்த வரியில் வந்தது. படத்தில் இருப்பவரோ அவருடைய வாரிசோ, அதாவது 'உரியவர்' முறையிட்டால் மட்டுமே நடவடிக்கை என்று குழு சொல்லியிருந்தது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் உரியவர் நான். நான் முறையிட வேண்டுமென்றால், இது என் அம்மா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா என்று ஆகிவிட்டால் பெஞ்சு அந்தப் பெஞ்சு, நாள் அந்த நாள், ஜன்னலில் இருந்த கை யாருடையது என்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். ஆகவே 'உரியவர்' என்பதை அடித்துவிட்டு 'யாரேனும் ஒருவர்' என்று மாற்றினேன். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர், விவரமான மனிதர். இது ரொம்ப விரிந்துபோகுமே என்று கேட்டார். ஏழை எளியவர்கள் பெயரைச் சொல்லிப் புகார் கொடுக்கப் பயப்படுவார்கள், அவர்களுக்கும் ஒரு வழி வேண்டும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, உங்கள் மனசு இருக்கிறதே என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

கடைசியாக ஒரு பிரிவு சேர்த்தேன். 'நீக்கமோ மாற்றமோ தேவைப்படின், ஓவியத்தை வரைந்தவரே தம் கையால் அதைச் செய்ய வேண்டும். பிறர் கை படலாகாது.' ஓவியர்கள் சார்பில் குழுவில் இருந்த சிற்பி அதைப் படித்துவிட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கலைஞனை மதிக்கத் தெரிந்த கை எழுதியது இது என்றார். உண்மையும் அதுதான். கூலிக்கு வெள்ளையடிக்கிற எவனோ ஒருவன் அம்மாவின் முகத்தில் மட்டையைத் தேய்ப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அக்கா செய்தால் அன்போடு செய்வாள் என்று நினைத்தேன்.

கூடத்தில் இருந்த புகார்ப் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம் போட்டேன். தூங்கும் பெண்மணியை எனக்கு அடையாளம் தெரிகிறது என்று ஒரு வரி. பெயர் எழுதவில்லை. யாரேனும் ஒருவர்தானே நானும்.

மற்ற ஊர்களில் நடந்ததற்கு நான் பொறுப்பா என்று தெரியவில்லை. ஒரு தையல்காரர், எதிர்க்கடைத் தையல்காரரின் முகம் சந்தைக் கட்டடச் சுவரில் இருப்பது பொறுக்காமல் எழுதிப் போட்டார். மருத்துவமனைச் சுவர்களில் செவிலியர்கள் போனார்கள். பள்ளிகளில் பிள்ளைகள் போனார்கள். தபால் நிலையத்தில் ஒரு நாயைக்கூட யாரோ அடையாளம் கண்டார்கள், நாய் தனிநபரா என்று விளக்கம் கேட்டு எனக்கே கோப்பு வந்தது. நூலகம் ஒன்றில் வயதான ஓவியர் ஒருவர், படித்துக்கொண்டிருக்கும் பெண்களில் ஒருத்தியாகத் தன் மறைந்த மனைவியை வரைந்து வைத்திருந்தார். அவரே தம் கையால் அழித்தார். அதன் பிறகு அவர் தூரிகையைத் தொடவில்லை என்று கேள்வி. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒரே ஒரு சுவருக்காக விதி எழுதினால் அது பாரபட்சம். நான் பாரபட்சம் பார்க்கிறவன் அல்ல.

நீக்க ஆணை கிடைத்ததும் அக்கா வரைவுப் பிரிவுக்கு வந்தாள். அதுவரை ஒருமுறைகூட அங்கே அவள் வந்ததில்லை. என் எதிரில் உட்கார்ந்து ஆணையை மேசையில் வைத்தாள்.

"இதை நீதானே எழுதின?"

குழு எழுதியது என்றேன்.

"இந்த வாக்கியம் உன்னுதுடா. எனக்குத் தெரியாதா? வேற யாராவது வந்து அழிச்சுட்டுப் போகட்டும். என்னை ஏன் செய்யச் சொல்ற?"

"கண்டவனும் அம்மா முகத்துல கை வைக்கறதைவிட நீ செய்யறது மேல் இல்லையாக்கா?"

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். சின்ன வயதில் நான் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வரும்போது பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அப்போ அது அம்மான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "இத்தனை நாளா நீ ஒரு வார்த்தை சொல்லலையே. படம் நல்லா இருக்குன்னுதானே சொன்ன. நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

எதற்குக் காத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஆணையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

நீக்கம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவன் என்பதால் அன்று காலை நான் கூடத்தில் இருந்தேன். கவுண்டர் திறந்திருந்தது, வரிசை நின்றுகொண்டிருந்தது. அக்கா சுவரின் பின்புல நிறத்தை ஒரு டப்பாவில் கலக்கிக்கொண்டு வந்திருந்தாள். முகத்தை மட்டும் அழித்தால் போதும், விதி அவ்வளவுதான் கேட்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். "முகம் இல்லாம அம்மாவை அங்கே உக்கார வைக்க மாட்டேன்" என்றாள். செருப்பிலிருந்து தொடங்கினாள். பிறகு பாதம், மடியில் இருந்த கைப்பை, கை, தோள். ஒவ்வோர் இடத்திலும் தூரிகையை வைப்பதற்கு முன் இடது கை விரலால் அந்த இடத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். முகம் மட்டும் மிச்சம் இருந்தபோது, வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, அவங்க பாட்டுக்குத் தூங்கிட்டு இருக்காங்க. அவங்களைப் போய் ஏன் அழிக்கறீங்க?"

அக்கா திரும்பவில்லை. "அவங்க தூங்கலைங்க ஐயா" என்றாள்.

கவுண்டரில் இருந்த பையன் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டான். அவள் வேலையை முடித்து, தூரிகையைக் கழுவி, என்னைத் தாண்டி வெளியே போனாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு தம்பிக்கு அக்கா செய்கிற காரியமா அது?

இப்போது அந்தச் சுவரில் பெஞ்சு இருக்கிறது, தூண் இருக்கிறது, கீழே கண்ணாடி கிடக்கிறது. கண்ணாடிக்கு முகம் கிடையாது என்பதால் அதை அழிக்கச் சொல்ல வழியில்லை. புது வர்ணமும் பழைய வர்ணமும் சேராமல், உட்கார்ந்திருக்கும் ஆள் அளவுக்கு ஒரு வெளுப்பு. அங்கே யார் இருந்தார்கள் என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்களாம். கேட்டுவிட்டு, அடுத்து கையைப் பார்க்கிறார்களாம். என் விதிகளில் நான் கண்ட முதல் ஓட்டை அது.

ஆக, முதல் கேள்விக்கு என் பதில், ஆம். அந்தப் படத்துக்காகத்தான் எழுதினேன். 'உரியவர்' என்பதை 'யாரேனும்' ஆக்கியது நான். புகார் எழுதியது நான். வரைந்தவரே அழிக்க வேண்டும் என்று சேர்த்ததும் நான். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், ஆனால் பொய் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அக்கா அந்த ஒற்றை வரியைச் சொன்னது அதற்காகத்தான். என்னைப் பொய்யனாக்கப் பார்க்கிறாள்.

இனி இரண்டாவது கேள்வி. அன்று இடைவேளை முடிந்து ஷட்டரைத் தூக்கினேன். அம்மாவின் படிவம் மேலேயே இருந்தது. அவருடைய எண்ணைக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எழுந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். தூணோரப் பெஞ்சில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்து இடம்விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி தரையில் கிடந்தது. அம்மா கண்ணாடியைக் கீழே விடுகிறவர் அல்ல. மருத்துவமனையில் வேலை பார்த்தவரின் மகன் நான், தூக்கத்துக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. எடுத்து ஓரமாக வைத்தேன். போட்டிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்து பாருங்கள். கடைசி நாள், வாசல் வரை வரிசை. நான் கத்தியிருந்தால் கூடமே கலைந்திருக்கும், சான்று கிடைக்காமல் எத்தனையோ பெரியவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள். ஷட்டர் விஷயத்தை அந்த நேரத்தில் யாராவது கிளப்பியும் இருப்பார்கள். அம்மாவுக்கு இனி அவசரம் எதுவும் இல்லை. அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேசை ஃபோன் அடித்தது. அக்கா. அம்மா இன்னும் வீட்டுக்கு வரவில்லையே, அங்கே வேலை முடிந்ததா என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் படிவத்தை நீட்டிக்கொண்டு நின்றார். நான் யோசித்துத்தான் சொன்னேன்.

"அம்மா போயிட்டாங்க."

"தனியாவா போனாங்க?"

"தனியாத்தான்."

சரி, வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் ஃபோனை வைத்தாள். சாயங்காலம் விளக்கு போடும் நேரம் வரை திறந்து வைத்திருந்து பார்த்துவிட்டு, பிறகுதான் தேடிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். நான் அவளிடம் சொன்ன இரண்டு வாக்கியங்களும் அப்படியே இவைதான். இரண்டிலும் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.